‘தூங்கினேன்’ என்று போட்ட கையெழுத்து

ஓய்வு பெற்றவர்களுக்கான பாஸ் விஷயமாக ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. போன மாதம் பழைய லாபிக்குப் போயிருந்தேன். லாபி என்றதும் ஓட்டலில் சோபா போட்டிருக்கும் இடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ரயில் ஓட்டுகிறவர்கள் வேலைக்கு வந்ததும் முதலில் ஆஜராகிற அறைக்குத்தான் எங்கள் பாஷையில் லாபி என்று பெயர். என் காலத்தில் அங்கே நீளமான ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். இப்போது நெஞ்சு உயரத்துக்கு ஒரு மெஷின் நிற்கிறது. அதில் ஊத வேண்டும், விரலை வைக்க வேண்டும், கடைசியில் திரையில் ஒரு கேள்வி வரும்: போதுமான ஓய்வு எடுத்தீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

ஓசூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, உதவி ஓட்டுநர், திரையைப் பார்க்காமலே ‘ஆம்’ மேல் விரலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“கேள்வியைப் படிச்சியாம்மா?” என்று சும்மா சீண்டினேன்.

“டெய்லி அதே கேள்விதானே சார்” என்று சிரித்தவள், பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “இன்னிக்கு நெஜம் சார். ரெண்டு மாசம் முந்தி பூரா பொய்தான் அமுக்கினேன். படுத்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், தூக்கமே வராது. அப்புறம் எனக்கே பயமாயிடுச்சு, லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட போனேன். உங்களுக்கெல்லாம் அப்படி வந்ததே இல்லியா சார்?”

“சேச்சே, நமக்கு அதெல்லாம் கிடையாதும்மா. படுத்தா கட்டை மாதிரி தூக்கம்” என்றேன்.

அவள் முகம் சின்னதாகிப் போனது. “அப்படியா சார்” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இப்போது வீடு இருக்கிற பொம்மனஹள்ளிக்கு பஸ் ஏறினேன். சில்க் போர்டு சந்திப்பில் பஸ் நகராமல் நின்ற முக்கால் மணி நேரமும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு மனம் விட்டுக் கேட்ட பிள்ளையிடம் எதற்கு அந்தப் பொய்? யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது. என் வாய்க்கு இந்த வழக்கம் பழையது. அது என்னை ஒருமுறை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் சிவாஜிநகரில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கன்டோன்மென்டுக்குக் கூலி வேலைக்கு வந்தவர். எனக்கு ரயிலில் வேலை கிடைத்தது, ஷெட்டில் எண்ணெய்த் துணியோடு கொஞ்ச காலம், உதவி ஓட்டுநராகச் சில வருஷம், பிறகு சரக்கு வண்டி ஓட்டுநர். பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததில் பாதி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். சிக்னல் கூப்பிடுவது.

எஞ்சினில் ஓட்டுநர், உதவியாளர் என்று இரண்டு பேர் இருப்போம். தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் யார் முதலில் பார்க்கிறாரோ அவர் கையை நீட்டி உரக்கச் சொல்ல வேண்டும்: “டிஸ்டன்ட், பச்சை!” மற்றவர் தானும் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும்: “டிஸ்டன்ட், பச்சை!” டிஸ்டன்ட் என்பது ஸ்டேஷனுக்கு வெகுமுன்னால் எச்சரிக்கைக்கு நிற்பது. அதைத் தாண்டினால் ஹோம். டிஸ்டன்ட் மஞ்சளாக இருந்தால் ஹோம் சிவப்பாக இருக்கலாம், இப்போதே வேகத்தைக் குறை என்று அர்த்தம். ஒரு டூட்டியில் இப்படி நூறு தடவைக்கு மேல் கூப்பிடுவோம். கல்யாண வீட்டில்கூட என் தொண்டை கரகரவென்றுதான் இருக்கும்.

எங்களுக்கு மேலே லோகோ இன்ஸ்பெக்டர் ருத்ரப்பா. தாவணகெரே பக்கத்துக்காரர். எஞ்சின் அறையின் வேக்காட்டில்கூட முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டார். பையில் எப்போதும் வறுத்த கடலை. எங்களோடு வண்டியில் ஏறினால் பாதையைப் பார்க்க மாட்டார், ஓட்டுகிறவன் கையைத்தான் பார்ப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பு கண்டால் நாலு கடலையை நம் உள்ளங்கையில் வைப்பார். அதற்கு, திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

அவர் லாபியில் உட்கார்ந்திருந்தால் ரெஜிஸ்டரில் எழுதியதை நம்ப மாட்டார். எங்கள் ரெஜிஸ்டரில், மது அருந்தவில்லை, போதுமான ஓய்வு எடுத்தேன் என்று அச்சடித்திருக்கும், கீழே கையெழுத்துப் போட்டால் போதும். ருத்ரப்பா ‘தூங்கினாயா’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாய், என்ன சாப்பிட்டாய், சாப்பிட்டு எங்கே உட்கார்ந்தாய், குழாயில் தண்ணீர் எப்போது வந்தது என்று ஊர்க்கதை போலக் கேட்டுக்கொண்டே போவார். ஏன் சார் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

“தூங்கினவன் கதையில ஒரு தூத்து இருக்கும்பா, ஓட்டை” என்றார். “மூணு மணி வரைக்கும் சொல்வான், அப்புறம் எட்டு மணிக்குப் போயிடுவான். நடுவில ஒண்ணும் தெரியாது. ஓட்டையே இல்லாம கதை சொல்றவன் தூங்கல, அஷ்டே.”

அஷ்டே என்றால் கன்னடத்தில் அவ்வளவுதான். அவர் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வெயில் காலத்து மதியம், சிமென்ட் ஏற்றிய சரக்கு வண்டி. ஜோலார்பேட்டை போகிற பாதையில் ஒரு ஸ்டேஷன், பெயர் வேண்டாம். என்னோடு உதவியாளர் சலீம் பாஷா. சிவாஜிநகர்க்காரன்தான், என்னைவிடப் பத்து வயது இளையவன்.

“டிஸ்டன்ட், மஞ்சள்!” என்று சலீம் கூப்பிட்டான்.

“டிஸ்டன்ட், மஞ்சள்!” என்றேன். கைகூட நீட்டினேன்.

ஆனால் பிரேக் மேல் கை போகவில்லை. வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. என்ன யோசித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. வாய் தன் வேலையைச் செய்தது, மனம் அங்கே இல்லை.

“அண்ணே! பிரேக்! அண்ணே, ஹோம் சிவப்பு!” என்று சலீம் கத்தியபோதுதான் எனக்கு உலகம் தெரிந்தது. முழு பிரேக் போட்டேன். அத்தனை பாரமும் பின்னால் இருந்து தள்ள, சக்கரங்கள் கிறீச்சிட, வண்டி நின்றது. எஞ்சினுக்கும் சிவப்பு சிக்னலுக்கும் நடுவில் ஒரு பெட்டி நிற்கிற இடம் இருந்தது. எதிரே எங்கள் பாதையைக் குறுக்கே கடந்து ஒரு பயணிகள் வண்டி போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு குழந்தை எங்களைப் பார்த்துக் கையை ஆட்டியது.

சலீம் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

“நின்னுச்சில்ல அண்ணே? வுடுங்க. யார்கிட்டயும் சொல்லத் தேவையில்ல.”

விதிப்படி பார்த்தால் சொல்ல ஒன்றும் இல்லைதான். சிவப்பைத் தாண்டவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால், தண்டனை கொடுத்திருந்தால், ஒருவேளை நான் தூங்கியிருப்பேன்.

எங்கள் வேலையில் தூக்கத்துக்கு நேரம் காலம் கிடையாது. வீடு வந்து சேரும்போது பெரும்பாலும் விடிந்திருக்கும், ஆகவே பகலில்தான் படுப்பேன். அந்த மதியத்துக்குப் பிறகு படுத்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கண்ணை மூடினால் பெங்களூரிலிருந்து வண்டி கிளம்பிவிடும். ஒவ்வொரு சிக்னலாக மனத்துக்குள் கூப்பிட்டுக்கொண்டே போவேன். அந்த டிஸ்டன்ட் வந்ததும் வாய் ‘மஞ்சள்’ என்னும், உடம்பு தூக்கிவாரிப் போடும். சரி, இந்தத் தடவை ஒழுங்காகக் குறைக்கலாம் என்று மறுபடி பெங்களூரிலிருந்து கிளம்புவேன். கையில் பிரேக் இருக்காது, தலையணைதான் இருக்கும். எனக்கிருந்த பயம் விபத்தைப் பற்றிக்கூட இல்லை. என் வாயை இனி எப்படி நம்புவது என்பதுதான்.

என் மனைவி தேவகி இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். காரணத்தை நான் சொல்லவில்லை. அவளோ சத்தத்தால்தான் தூக்கம் வரவில்லை என்று முடிவுகட்டி, சிவாஜிநகரையே அடக்கக் கிளம்பிவிட்டாள். சிவாஜிநகரை! முதலில் குக்கருக்கு விசில் போடுவதை நிறுத்தினாள். பருப்பைப் பாத்திரத்தில் வேகவைப்பாள், அது பொங்கி அடுப்பை அணைக்கும். பிறகு கீழ்வீட்டு அம்மாவிடம் துணியை அடித்துத் துவைக்காமல் கசக்கித் துவைக்கச் சொன்னாள். தக்காளிக்காரர் எங்கள் சந்துக்குள் வந்ததும் வாயை மூடிக்கொண்டு, தராசைத் தூக்கிக் காட்டி வியாபாரம் செய்தார். எதிர்க் கறிக்கடை பாய்கூட, “டிரைவர் சாப் சோ ரஹே”, டிரைவர் தூங்குகிறார் என்று சொல்லிக் கத்தியை மெதுவாகப் போட்டார். எங்கள் பையன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படி ஏறுவான்.

நான் உள்ளே படுத்துக்கொண்டு அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு தெருவே எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நானோ தூங்கவில்லை. அந்த வெட்கமே நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எழுந்தால் அவர்கள் மனம் நோகும் என்று எட்டு மணி நேரமும் கண்ணை மூடி அசையாமல் கிடப்பேன். மாலையில் தேவகி காபியோடு வந்து கேட்பாள்.

“தூங்கினீங்களா?”

“ம், தூங்கினேன்.”

வேலைக்குப் போனால் லாபியில் அதே பதிலுக்குக் கையெழுத்து. கையடக்கமான ஒரு மெஷினை நீட்டி ஊதச் சொல்வார்கள், ஊதுவேன். மெஷின் வாயில் சாராயத்தைத் தேடும், கண்ணைப் பார்க்காது. சலீமுக்கு மட்டும் தெரியும். அவன் முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாகச் சிக்னல் கூப்பிட ஆரம்பித்தான். “அண்ணே, மஞ்சள் அண்ணே, மஞ்சள், கொறைங்க” என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்வான். எனக்கு அவமானமாக இருக்கும், ஆனால் அந்த இரண்டு மாதமும் வண்டியைப் பத்திரமாகக் கொண்டுபோனது பாதிக்கு மேல் அவன்தான்.

சொன்னால் எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயம். மருத்துவரீதியாகத் தகுதி இல்லை என்று எழுதிவிட்டால், ஆயுசுக்கும் ஏதோ ஒரு மேஜையில் உட்கார்ந்து காகிதம் அடுக்க வேண்டியதுதான். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் எனக்குப் பதவி உயர்வு வந்தது. சிமென்ட் போய், இனி மனிதர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

முதல் பயணிகள் வண்டி, காலை ஆறரைக்கு. நான் பிளாட்பாரம் வழியாக லாபிக்கு நடந்து போனேன். அந்த நேரத்துக்கே பயணிகள் டிபன் டப்பாக்களைத் திறந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் என் சீருடையைப் பார்த்துவிட்டு, “சார், வண்டி டயத்துக்குப் போயிடுமா? பேத்திக்கு நிச்சயதார்த்தம்” என்றார். “போயிடும் ஐயா” என்றேன். அதுவும் வாய் சொன்னதுதான்.

லாபியில் ருத்ரப்பா உட்கார்ந்திருந்தார். முதல் பயணிகள் வண்டி என்பதால் என்னை வழியனுப்ப வந்திருந்தார். சலீமும் வந்துவிட்டான்.

“வாப்பா முனிரத்னம், வா. நேத்து எத்தனை மணிக்கு மனைக்குப் போனே?”

“காலைல பத்தரைக்கு சார்.”

“ஊட்டா?”

“ரசம், உருளக்கெழங்கு.”

“ஆமேலே? அப்புறம்?”

“படுத்துட்டேன் சார்.”

“உங்க சந்து ரொம்ப சத்தமாச்சே.”

“இல்ல சார், இப்ப சத்தமே இல்ல. பதினொண்ணரைக்குப் பாய் கடையில ஒரு தடவ கத்தி போட்டாங்க. பன்னெண்டே முக்காலுக்குக் கீழ்வீட்டம்மா பக்கெட்டை நகத்தினாங்க. ஒண்ணரைக்குப் பாங்கு சொன்னாங்க. ரெண்டேகாலுக்குத் தண்ணி வந்துச்சு, எங்க வீட்ல குழாயை மெதுவாத் தொறந்தா. மூணு மணிக்குத் தக்காளிக்காரர் வந்துட்டு ஒண்ணும் பேசாமப் போனார். மூணே முக்காலுக்குப் பையன்…”

நிறுத்தினேன். நான் சொன்ன கதையில் ஓட்டை இல்லை என்பது அவருக்கு முன்னால் எனக்குத்தான் உறைத்தது.

“ராத்திரி?” என்றார் மெதுவாக.

“ராத்திரியும் அதே மாதிரிதான் சார்.”

ரெஜிஸ்டர் என் முன்னால் திறந்திருந்தது. பேனாவை எடுத்தேன். இரண்டு மாதமாக ஓடிய கை அன்றைக்கு ஓடவில்லை. பிளாட்பாரத்துப் பெரியவரின் பேத்தி ஞாபகம் வந்தது. பேனாவைக் கீழே வைத்தேன்.

“சார், நான் தூங்கல. ரெண்டு மாசமா சரியாவே தூங்கல. ஒருநாள் மஞ்சளைப் பாத்து மஞ்சள்னு சொல்லிட்டு வண்டிய விட்டுட்டேன். சலீம்தான் நிறுத்தினான்.”

லாபியில் எட்டுப் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். சலீம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ருத்ரப்பா ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் பெயருக்கு நேரே எழுதினார்: ‘ஓய்வு போதவில்லை என்று தானாகவே முன்வந்து சொன்னார்.’ ‘தானாகவே’ என்பதன் கீழே ஒரு கோடு. பிற்பாடு என்னைப் பற்றி விசாரித்தவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டில் வந்துதான் நின்றார்கள். என் உத்தியோகத்தைக் காப்பாற்றியது அந்தக் கோடு.

பிறகு எழுந்தார். “சலீம், பேக் எடு. வண்டிய நான் எடுக்கறேன்” என்றார். என் கையில் வழக்கம்போலக் கடலையைக் கொட்டினார். நாலு இல்லை, கை நிறைய. “நீ மனைக்குப் போகாதேப்பா. போனா மறுபடியும் படுத்துக்குவே. நேரா டாக்டர்கிட்ட போ. அஷ்டே.”

வண்டி பதினோரு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்று கடைசிப் பெட்டி போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வண்டி நான் இல்லாமல் போனது. அழுதேன், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அழுது முடித்தபோது நெஞ்சில் அந்தப் படபடப்பு இல்லை என்பதையும் கவனித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சேலத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். தேவகி தான் அடக்கிவைத்த சத்தங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பெருமையோடு சொன்னாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“ஏம்மா, இவரைத் தூங்க வைக்க ஒரு தெருவே வேலை பாக்குது. அப்புறம் தூக்கம் எப்படிம்மா வரும்? நாளைக்கே குக்கர்ல விசில் போடுங்க.”

தேவகிக்கு வந்த கோபத்தில் ஆட்டோவில் என்னோடு பேசவே இல்லை.

கொஞ்ச நாளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார். அந்த நாட்களில் எஞ்சின் பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பு. மற்றதெல்லாம் பழக்கம்தான். தூக்கம் வராவிட்டால் கிடந்து போராடாதே, எழுந்து வந்து உட்கார், கண் சொக்கினால் மட்டும் படு. எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழுகிற நேரத்தை மாற்றாதே. கவலைப்படுவதற்கென்று வெளிச்சம் இருக்கும்போதே ஒரு அரை மணி நேரம் ஒதுக்கு, அதைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதே. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும், கவலைக்கும் டூட்டி போட்டுவிட்டார்களே என்று தோன்றியது.

அந்த அரை மணி நேரத்தைத் தேவகி எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் ஐந்தரைக்கு மாடிப்படியில் இரண்டு பேரும் உட்காருவோம். அவள் மடியில் அவரைக்காய் முறம். நான் பெங்களூரிலிருந்து கிளம்பி ஒவ்வொரு சிக்னலாகக் கூப்பிட வேண்டும், அவள் திரும்பச் சொல்வாள். முதல் நாள் அந்த டிஸ்டன்ட் வந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

“டிஸ்டன்ட்… மஞ்சள்.”

“டிஸ்டன்ட், மஞ்சள்” என்றாள் தேவகி. அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சொல்லிட்டீங்க, சரி. கை இன்னா பண்ணுது?”

என் கை முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. மெல்ல எடுத்து, பிரேக் இருக்கிற உயரத்துக்குக் கொண்டுவந்தேன். “கொறைக்கிறேன்” என்றேன்.

“ஆங், கொறைங்க” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி அவரைக்காயை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடிந்தது. ஒரேயடியாக அல்ல, இரண்டு நாள் நன்றாகப் போனால் மூன்றாம் நாள் மறுபடி நெஞ்சு அடிக்கும். ஒரு மாதம் போனபின் ஒரு மதியம், தேவகி சமைத்துக்கொண்டிருக்க, சமையலறை வாசலில் தரையில் சாய்ந்திருந்தேன். குக்கர் முதல் விசில் அடித்தது தெரியும். அடுத்து எனக்குத் தெரிந்தது பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என் காலைத் தாண்டிக் குதித்ததுதான். நடுவில் ஒன்றும் இல்லை. என் கதையில் ஓட்டை விழுந்துவிட்டது.

அதுவரைக்கும் லாபியில் ரெஜிஸ்டர் எழுதும் வேலை. கூட வேலை பார்த்தவர்கள் எனக்குக் கும்பகர்ணன் என்று பெயர் வைத்தார்கள். சிரித்துக்கொண்டே கூப்பிட்டவர்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, அந்த டாக்டரம்மா எந்த ரூமில் உட்காருவார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மறுபடி எஞ்சின் ஏறிய அன்று ருத்ரப்பா கூடவே வந்தார். பாதையைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். நான், “டிஸ்டன்ட், மஞ்சள், கொறைக்கிறேன்” என்று சொல்லிப் பிரேக்கில் கை வைத்தேன். “அது யாரு சொல்லிக் கொடுத்தது?” என்றார். “வீட்ல சார்” என்றேன். “நல்ல இன்ஸ்பெக்டர்” என்று சொல்லிவிட்டுக் கடலை கொறிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு எனக்கு ஒரு கடலைகூடத் தரவில்லை. ஓய்வு பெறுகிறவரை அந்த மூன்றாவது சொல்லை நான் விடவே இல்லை. இளைஞர்கள் கிரிக்கெட் கமென்ட்ரி என்று கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். ருத்ரப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை அவருக்குக் கன்னடத்தில் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லியிருப்பேன்.

இவ்வளவுதான் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். லாபியில் நடந்ததைத் தேவகியிடம் சொன்னேன்.

“அய்ய, அந்தப் புள்ளகிட்ட இல்லன்னா சொன்னீங்க? உங்களுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சிரித்தாள். சிரிக்கும்போது பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எத்தனை நாளாக அப்படி என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் ‘தூங்கினியா’ என்று தினமும் கேட்கிறவன்தான் நான். ‘தூங்கினேன்’ என்று அவளும் தினமும் சொல்கிறவள்தான்.

அன்றைக்கு வேறு மாதிரி கேட்டேன். “நேத்து சாப்பிட்டுட்டு எங்க உக்காந்தே?” என்று ஆரம்பித்தேன். அவளும் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பதினொரு மணிக்கு எதிர்வீட்டு கேட் சத்தம். பன்னிரண்டேகாலுக்கு ஓசூர் ரோட்டில் ஆம்புலன்ஸ். ஒன்றரைக்கு நான் ஒருமுறை இருமியது. மூன்று மணிக்கு ஹெப்பகோடி ஃபேக்டரியிலிருந்து பையன் ஷிஃப்ட் முடிந்து வந்தது, அவன் பைக்கை ஸ்டாண்டு போட்டது. நாலரைக்குப் பால் வண்டி.

ஓட்டையே இல்லை.

“எத்தனை நாளா தேவகி?”

“நாளா?” என்றாள். “நீங்க டூட்டிக்குப் போனா, திரும்பி வந்து செருப்பக் கழட்டுற சத்தம் கேக்குற வரைக்கும் எனக்குக் கண்ணு மூடாது. கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தான். நீங்க ரிட்டயர்ட் ஆனா சரியாயிடும்னு பாத்தேன். இப்ப இவன் ஷிஃப்டுக்குப் போறான். அப்படியே வந்துடுச்சு.”

முப்பத்தைந்து வருஷம். என் தூக்கத்தைக் கேட்க ஒரு ரெஜிஸ்டர் இருந்தது, ஒரு ருத்ரப்பா இருந்தார், ஒரு தெருவே இருந்தது. அந்த டாக்டரம்மா அறையில் பக்கத்து நாற்காலியில்தான் இவள் உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் பக்கத்தில் படுத்திருந்தவளை நான் ஒருநாளும் ருத்ரப்பா கேட்கிற மாதிரி கேட்கவே இல்லை என்பதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே டாக்டரைப் பார்த்தோம். இது வேறு டாக்டர், இளைஞர், ஆனால் சொன்னது பெரும்பாலும் பழைய பாடம்தான். இப்போது சாயங்காலம் ஐந்தரைக்கு முறம் என் மடியில் இருக்கிறது. அவள் தன் கவலைகளைச் சொல்கிறாள், நான் திரும்பச் சொல்கிறேன். அவரைக்காயில் நான் நரம்பைச் சரியாக எடுப்பதில்லை என்பதும் அதில் ஒன்று.

நேற்று மதியம் ஒரு மணிக்கு, கண் சொக்குகிறது என்று கொஞ்சம் படுத்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டாள்.

“ஏங்க?”

“இருக்கேன்” என்றேன்.

“அவன் வந்துட்டானா?”

“வந்துட்டான். உள்ள தூங்கறான். நான் பாத்தேன்.”

இந்தத் தடவை வாய் மட்டும் சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னேன். மறுபடி பத்து நிமிஷம் கழித்து, “ஏங்க?” என்றாள். “இருக்கேன்” என்றேன். அதற்கப்புறம் கூப்பிடவில்லை. பேப்பரை மடக்கி வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, ஒன்று, இரண்டு, மூன்று. அவள் அசையவில்லை. நானும் எழுந்துபோய் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை.